காலைத் தள்ளாட்டம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெயர் கிடைத்துவிட்டது!

துணிப்பையை இன்னும் பிரிக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த ரயிலின் ஆட்டம் உடம்பிலேயே இருக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் இன்று ஒரு வேலையும் ஓடாது.

என் மகள் நித்திலாவுக்கு இருப்பது வெறும் வலிப்பு இல்லை. பத்து வயதுப் பிள்ளை காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துத் தள்ளாடுவது, இட்லி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நேராக நடப்பது, மதியச் சாப்பாடு தாமதமானால் மறுபடி கண் செருகுவது, வலிப்பு மாத்திரை எதற்கும் அடங்காதது, எல்லாமே ஒரே கோளாறு. பிறவியில் வந்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்ததில் பிடிபட்டது. இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கிறது. அந்த நீரில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது.

டாக்டர் ரெஜினா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சர்க்கரை மூளைக்குள் போக ஒரு வாசல் உண்டு. நித்திக்கு அது பாதிதான் திறக்கிறது. "மூளை பட்டினி கிடக்குதும்மா. சோத்துப் பானை பக்கத்துலயே இருக்கு, கைதான் எட்டல."

மருந்து? சாப்பாடுதான் மருந்து. அரிசியையும் சர்க்கரையையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டு நெய், எண்ணெய், தேங்காய் என்று கொழுப்பாகவே கொடுத்தால், கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற ஒன்றைச் செய்து இரத்தத்தில் விடும். அது மூளைக்குள் போக வேறு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் நித்திக்கு ஒரு குறையும் இல்லை.

இவர், என் வீட்டுக்காரர், மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ஒரு பேஸ்ல கரண்ட் வீக்கா வருது. அடுத்த பேஸுக்கு மாத்திவிடப் போறீங்க. அவ்வளவுதானே டாக்டர்?"

டாக்டர் சத்தமாகச் சிரித்தார். "இனிமே எல்லாருக்கும் இதையே சொல்லிக்கிறேன் சார்."

ஒரு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துத் தொடங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நவம்பரில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளை மனசு வைத்துச் சாப்பிட்டால் தொடரலாம், அவள் மறுத்தால் யாராலும் இதை இழுத்துக்கொண்டு போக முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேறு மருந்து கைவசம் இல்லை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாதாம் மாவு தோசை கல்லை விட்டு வரவே இல்லை. இரண்டு முறை சுரண்டினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேங்காய்த் துருவலை அரைத்து, முட்டையில் கலந்து, நெய்யில் வார்த்தால் தோசை வருகிறது! ஓரம் முறுகலாகக்கூட வருகிறது. அடுப்படியில் நின்று நானே கை தட்டிக்கொண்டேன். சாளை மீன் வறுவலுக்குத் தடையில்லை. கீரைக்குத் தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் போட வேண்டும். நித்தி தராசுக்கு "ராஜாத்தி" என்று பெயர் வைத்திருக்கிறாள். ராஜாத்தி சரி என்று சொன்னால்தான் சாப்பாடு.

காலையில் அவள் விரலில் குத்தி, மீட்டரில் கீட்டோன் பார்க்கிறேன். ஏறுகிறது. பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் இருக்கிறது.

சந்தைக்குப் போய்த் தேங்காய் தூக்கி வந்தேன். திரும்பும்போது வலது கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொண்டன. அது எப்போதும் உள்ளதுதான். பழைய தபாலாபீஸ் வாசலில் நின்று, செருப்பைச் சரி செய்வதுபோல் குனிந்து நின்றேன். சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இந்த மாதத்தில் இரண்டே வலிப்பு. இரண்டும் சின்னது.

செப்டம்பர் 4, வியாழன்

எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

காலை ஏழு மணிக்கு, ஒன்றும் சாப்பிடாமல், நித்தி கட்டிலிலிருந்து இறங்கி நேராக நடந்து அடுப்படிக்கு வந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. நான் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்னம்மா பாக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி. நட."

"நடந்துட்டேன்லா?"

மறுபடி ஒரு தடவை நடந்து காட்டச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது, "கோட்டிக்காரி மாதிரி பண்ணாத, எனக்குப் பசிக்கு" என்றாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து காலைப் பிரார்த்தனைக்கு அவள் நின்றதே இல்லை. பத்து மணிக்கு மேல்தான் கொண்டுபோய் விடுவேன். இன்று மணி அடிப்பதற்கு முன்னால் வாசலில் இருந்தாள்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் யார் புத்தகம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். எனக்கே இது புதுசு. காலை வேளையில் நூலகத்தில் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பதினொரு மணி டீயும் பிஸ்கட்டும் உள்ளே போன பிறகுதான் வடிவு மேடத்துக்கு விடியும் என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று வலிப்பு. பெரியது. மீட்டரில் கீட்டோன் கீழே விழுந்து கிடக்கிறது. தோசை, எண்ணெய், மீன் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எதிலும் தப்பு நடக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

கண்டுபிடித்தாயிற்று.

நித்திக்கு இரண்டு நாளாகச் சளி. அடுத்த தெருவில் இருக்கும் பேச்சி மதினி, இவரின் அக்கா, நான் வேலைக்குப் போன பிறகு வந்து அவளுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். காலையும் சாயங்காலமும். கருப்பட்டி போட்டு.

"சீனி குடுக்கப்பிடாதுன்னுதானே சொன்னிய?" என்றார் மதினி. "இது உடன்குடிக் கருப்பட்டில்லா! மருந்துக்குப் போடுதது. இதைப் போயி சீனியோட சேக்கலாமா?"

இவர் கத்தினார். "எக்கா, நாக்குல வச்சா இனிக்கா இல்லையா?"

"இனிக்கும். அதுக்காவ அது சீனியா? நல்ல கதையா இருக்கே!"

எனக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். சீனி, வெல்லம், தேன், குளுக்கோஸ், பழச்சாறு எல்லாம் இருக்கிறது. கருப்பட்டி இல்லை. சென்னையில் தாள் அடித்தவர்களுக்கு எங்கள் ஊர் நினைப்பு வரவில்லை. நானும்தான் வேதியியல் படித்தவள். மதினிக்கு அதை எடுத்துச் சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்காது. கருப்பட்டியைச் சர்க்கரை என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

மதினி போகும்போது வாசலில் நின்று, "எங்க வம்சத்துல இந்த மாதிரி யாருக்குமே கெடையாது" என்று காற்றிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். பத்து வருடமாகக் கேட்கிறேன். காது பழகிவிட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மறுபடி ஏறிவிட்டது! மறுபடி நேராக நடை!

டாக்டர் போனில் பேசினார். இந்தக் கோளாறு சில பிள்ளைகளுக்குத் தானாக வருமாம். சிலருக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருமாம். எங்கள் இருவர் இரத்தத்தையும் அனுப்பச் சொன்னார். "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது வலிப்பு, நடக்கறப்போ கால் இழுக்கறது, சாப்பிடலைன்னா தள்ளாட்டம், இப்படி ஏதாவது?"

இல்லை என்றேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

அக்டோபர் 1, புதன்

கடையில் ஆயுத பூசை. மோட்டார்களுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரியும் கடலையும் அவலும் குவித்து வைத்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். நித்திக்கு டப்பாவில் பனீர் வறுவல் கொண்டுபோயிருந்தேன். டப்பா திறந்தபடி இருந்தது. அவளைக் காணவில்லை.

பெரிய மோட்டார் ஒன்றின் பின்னால் உட்கார்ந்து, பாவாடையில் பொரியைக் கொட்டி வைத்துக்கொண்டு அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். வாயில் வெல்லம்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகத் தின்றாள்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் இரண்டு வலிப்பு. எழுந்து உட்கார்ந்ததும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு இந்தச் சாப்பாடு வேண்டாம்மா. நீங்க எல்லாரும் ஒரு சட்டியில எடுத்துத் திங்கீங்க. நான் மட்டும் தனியா திங்கேன். ராஜாத்தியும் நானும்."

"அப்ப வலிப்பு வந்தா பரவாயில்லையா?"

"அப்ப எல்லாரும் பக்கத்துல இருப்பீங்கல்லா."



அக்டோபர் 11, சனி

பாதிதான் சாப்பிடுகிறாள். மீதியை நாய்க்குப் போடுகிறாள். தெரு நாய் பளபளவென்று இருக்கிறது. கீட்டோன் ஒருநாள் ஏறுகிறது, இருநாள் இறங்குகிறது. டாக்டரிடம் சொன்னேன். "நவம்பர்ல அவளையே கேப்போம். பயமுறுத்தி ஊட்டாதீங்க" என்றார். நான் அவளோடு அதையே சாப்பிட்டுப் பார்த்தேன். "நடிக்காதம்மா. உனக்கு இது வேணும்னு இல்லைல்லா" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி தொடங்கியது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு மிளகு விரதம்தான். தண்ணீரும் மிளகும், வேறொன்றும் இல்லை. இந்த வருட வேண்டுதல் ஒன்றே ஒன்று: நித்தி சாப்பிட வேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டாம் நாள் எப்போதும் மோசம். நூலகப் படியில் கால் சுருண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ கூப்பிட்டார்கள், யார் என்று தெரியவில்லை. முருகா.

அக்டோபர் 25, சனி

நான்காம் நாள் எப்போதும் அதிசயம்! பசி போய்விடும். தலைக்குள் யாரோ ஜன்னல்களைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். இன்று காலை ஆறு மணிக்குக் குளித்து, கோலம் போட்டு, இரண்டு வாரமாகக் கிடந்த நூலகக் கணக்குகளை எழுதி முடித்துவிட்டேன். வருடத்தில் இந்த மூன்று நாள்தான் நான் நானாக இருக்கிறேன். அவன் அருள் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல?

நித்தி மீட்டரோடு வந்தாள். "எம்மா, விரலைக் காட்டு. இன்னைக்கு உனக்கு."

விளையாடுகிறாள் என்று நீட்டினேன். குத்தினாள். மீட்டரைப் பார்த்தவள் துள்ளிக் குதித்தாள்.

"எப்பா! ஓடி வாங்க! அம்மாவுக்கு என்னைய விட கூட! ரெண்டு மடங்கு!"

இவர் வந்து பார்த்தார். "பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு உருகுதுல்லா. அதுவும் கீட்டோன்தான்" என்றார். எனக்கும் அது தெரியும். படித்ததுதான்.

நித்தி என்னையே பார்த்தாள். "அதனாலதான் விரதத்துல மட்டும் நீ மாடி ஏறும்போது நடுவுல நிக்கமாட்டியா?"

"போடி. வெளக்குத் திரி எடுத்துட்டு வா" என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். திருச்செந்தூர்க் கூட்டத்தை டிவியில் பார்த்தோம். நாளை விரதம் முடிகிறது. நாளைக்கு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது என்று தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

முடிவு வந்துவிட்டது. டாக்டர் ரெஜினா என்னை மட்டும் போனில் கூப்பிட்டார்.

என்னிடமிருந்துதான்.

"உங்களுக்கும் இருக்கும்மா. லேசா. யோசிச்சுப் பாருங்க, எந்த அறிகுறியுமே இருந்ததில்லையா?"

நூலகத்தின் பின்பக்கம், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். பள்ளியில் பிரார்த்தனையின்போது சரிந்து உட்கார்ந்தது. ஓட்டப்பந்தயத்தில் பாதியில் கால் சுருண்டு விழுந்ததற்கு வாங்கிய அடி. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் காலை வேளையில் பிப்பெட்டைப் பிடித்தபடியே வெறித்து நின்றதற்குக் கிடைத்த "தூங்குமூஞ்சி" பட்டம். புகுந்த வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகுதான் சாப்பிட வேண்டும் என்றிருந்த நாட்களில் கையிலிருந்து நழுவிய பாத்திரங்கள். "அவளுக்குக் கவனம் பத்தாது" என்று அவர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன். என்னைப் பற்றி நான் சொன்னதில் அதுதான் அதிகம்.

சோம்பேறி இல்லை. நான் சோம்பேறி இல்லை!

நாற்பத்து நான்கு வயதில் ஒருத்திக்கு நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷம் வரலாமா? வந்தது. கை தட்ட வேண்டும்போல் இருந்தது. கூடவே நித்தி பொரியைத் தின்ற முகம் ஞாபகம் வந்தது. என்னிடமிருந்து போனது என்ற எண்ணமும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல்தான் சந்தோஷத்தை முதலில் எழுதினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கடையில் வேலை அதிகம், பாவம்.

நவம்பர் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. முற்றத்தில் இவருக்கும் பேச்சி மதினிக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். மதினி வழக்கம்போல், "எங்க வம்சத்துல" என்று ஆரம்பித்தார்.

"இல்லதான் மதினி," என்றேன். "உங்க வம்சத்துல இல்ல. என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. எனக்கும் இருக்காம்."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். மதினி, "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று பாதி சொல்லிவிட்டு நின்றார். என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

"ஏ பிள்ள," என்றார். குரல் மாறியிருந்தது. "அப்ப இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டா எங்களுக்கெல்லாம் பரிமாறிட்டு நீ கடைசியாச் சாப்பிட்ட?"

மதினி எழுந்து, உள்ளே போய், எனக்கு ஒரு தட்டு எடுத்துவந்து முன்னால் வைத்தார். அதில் எதை வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. "இவளுக்கு இப்ப என்னலே குடுக்கணும்?" என்று தம்பியைக் கேட்டார். தம்பிக்கும் தெரியவில்லை. அடுத்தவாரம் டாக்டர் சொல்வார் என்றேன். தட்டு காலியாகவே இருந்தது. எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

நித்தி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 12, புதன்

சென்னை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் துணி மடிக்கிறார். நித்தி டிவி பார்க்கிறாள்.

டாக்டர் முதலில் என்னை மாடிப்படி ஏறச் சொன்னார். நான்கு மாடி. மூன்றாவதில் கால் சுருண்டது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இது எவ்வளவு நாளா?" என்றார்.

"எப்பவுமே."

"இதைத்தாம்மா போன்ல கேட்டேன்!"

"எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் டாக்டர்."

அப்புறம் சஷ்டி விரதத்தைப் பற்றிக் கேட்டவர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் இரண்டு நாளில் எங்காவது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இனி யாரையும் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது என்று கண்டித்தார். நித்தியின் சாப்பாட்டையே கொஞ்சம் தளர்த்தி நானும் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். கட்டாயமில்லை; ஆனால் உதவும் என்று நினைக்கிறார்.

பிறகு நாற்காலியை நித்தியின் பக்கம் திருப்பினார்.

"சொல்லு கண்ணு. மூணு மாசம் ஆச்சு. நீ ஒழுங்கா சாப்பிட்ட நாள்ல எப்படி இருந்தேன்னு உனக்கே தெரியும். பிடிக்கலைன்னா நிறுத்திடலாம். உன் இஷ்டம்தான். தொடரலாமா, வேண்டாமா?"

இவர் என் கையைப் பிடித்தார். நித்தி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கும் தராசா?"

"ஆமா" என்றார் டாக்டர்.

"அரிசி கெடையாதா?"

"ரொம்பக் கொஞ்சம்."

"நெசமாவே வேணுமா, இல்ல எனக்காவ நடிக்காளா?"

டாக்டர் என் முடிவுத் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு அதில் என் பெயர் மட்டும்தான் படிக்க வந்திருக்கும். சங்கரவடிவு என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நான் நிறுத்திட்டா?"

"அம்மா மட்டும் சாப்பிடுவாங்க."

தாளை மேசைமேல் வைத்தாள். "அம்மா பாவம்லா" என்றாள். "தனியா உக்காந்து அதைத் திங்கும்போது தொண்டையில எறங்காது. எனக்குல்லா தெரியும்." டாக்டரிடம் திரும்பினாள். "நான் நிறுத்தல."

நவம்பர் 14, வெள்ளி

முதல் நாள். இரண்டு தட்டு, இரண்டு தேங்காய்த் தோசை. எனக்கு எடை போட்டது நித்தி. மதினி நின்று வேடிக்கை பார்த்தார்.

நெய் பாதியில் திகட்டியது. எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காரும்மா," என்றாள். "நான் முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கப்பிடாது."